அந்தோனியாளின் ஒப்பம்

லெனாட் வெசல்மனுக்கு எழுபத்தொரு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் மெல்பேர்ணிலிருந்து அவருடைய அக்கா மேவிஸ் தொலைபேசி எடுத்தாள். நத்தார்ப் பண்டிகை அல்லாத ஒரு நாளில் அவளுடைய குரலைக் கேட்டுப் பல வருடங்களாகிவிட்டன. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து லெனாட் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்படி ஒன்றும் இல்லை. வருகிற பங்குனியில் மேவிசுக்கு எண்பது வயது. பிள்ளைகள் பெரிய விழா எடுக்கிறார்கள். வெசல்மன் குடும்பத்தின் கதையைப் படங்களோடு ஒரு புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்கள். அதற்கு முதல் வெசல்மனைப் பற்றிய பதிவுகள் வேண்டும்.

முதல் வெசல்மனைப் பற்றி அவர்கள் இருவருக்கும் தெரிந்தது, தகப்பன் சாப்பாட்டு மேசையில் சொன்ன கதைதான். கப்டன் ஹென்ரிக் வெசல்மன், யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தரின் படை அதிகாரி. இந்த நாட்டை விரும்பி, திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கி, காய்ச்சலில் செத்து, கோட்டைத் தேவாலயத்தின் நிலத்துக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டவர். அந்தக் கதையைத் தகப்பன் சொல்லும்போது தாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நீ ஒருவன்தானே அங்கே இருக்கிறாய்" என்றாள் மேவிஸ் ஆங்கிலத்தில். ஐம்பது வருடமாக இதே வசனத்தை அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். குறையாகச் சொல்லாமல், உதவியாகக் கேட்டது இதுதான் முதல் முறை. லெனாட் உடனே சம்மதித்தார்.

தகப்பனும் தாயும் மேவிசும் இரண்டு தம்பிமாரும் மெல்பேர்ணுக்குக் கப்பலேறியது எழுபத்துநான்காம் ஆண்டில். லெனாட்டுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற வேலை கிடைத்த புதிது. ஆறு மாதத்தில் தானும் வருவதாகச் சொல்லித்தான் அவர்களை வழியனுப்பினார். ஆறு மாதம் இரண்டு வருடமானது. அதற்குள் நெல்லியடியிலிருந்து குணலட்சுமி என்றொரு பெண் அதே கந்தோருக்குத் தட்டெழுத்தாளராக வந்து சேர்ந்தாள். அதன்பிறகு அவர் போகவில்லை.

குணலட்சுமியின் வீட்டார் விபூதி பூசாமல் வாசற்படலை தாண்டாத சைவக்காரர். தோட்டக்காணியும் மாடுகன்றும் உள்ள குடும்பம். மகள் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கியைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டாள் என்று அறிந்ததும் தகப்பன் அவளுடைய பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்றுவிட்டார். தகப்பன் செத்த பிறகும் தமையன் ஏரம்பு அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, லெனாட்டும் குணலட்சுமியும் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைசியில் போய் நின்றது அந்த வீட்டுப் படலையில்தான். ஏரம்பு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். இருபது நாள் சோறும் கொடுத்தார். அந்த இருபது நாளில் லெனாட்டோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இடப்பெயர்விலேதான் வெசல்மன் குடும்பத்தின் பெரிய வேதப்புத்தகமும், அதன் முன் தாள்களில் எழுதியிருந்த பெயர்களும் தொலைந்துபோயின.

பிள்ளைகள் இல்லை. குணலட்சுமி செத்து நான்கு வருடம். அரியாலையில், கடல்நீரேரிப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. ஒழுங்கைக்காரருக்கு வெசல்மன் என்ற பெயர் வாயில் வராது. அவரை 'விசிலர்' என்பார்கள். அவர் விசில் அடித்து ஒருவரும் கேட்டதில்லை. சில நாட்களில் அவருடைய குரலையே ஒருவரும் கேட்டதில்லை.

கப்டனைத் தேடுகிற வேலை வந்ததும் லெனாட்டின் நாட்கள் மாறின. கோட்டைக்குப் போனார். போரில் இடிந்த தேவாலயம் கற்குவியலாகக் கிடந்தது. சோடியாக நடந்து திரிந்த இளம் ஆட்களைத் தாண்டி, வெயிலில் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தார். எழுத்து இருந்த கல் ஒன்றிரண்டில் வெசல்மன் இல்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் எங்கே என்று ஊரில் விசாரித்தார். அந்தக் காலத்துப் பதிவேடுகளில் எஞ்சியவை கொழும்புச் சுவடிக்கூடத்தில் இருக்கக்கூடும் என்று ஒரு போதகர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேவிஸ் எடுத்துக் கேட்டாள். என்ன கிடைத்தது, எப்போது போகிறாய், மழையா, முழங்கால் எப்படி. இந்த அழைப்புக்காகவே லெனாட் புதிய தொலைபேசி ஒன்று வாங்கினார். ஞாயிறு காலையில் சவரம் செய்துகொண்டு அதன் பக்கத்தில் உட்காரப் பழகினார்.

கொழும்புக்கு ரயிலில் போய், வெள்ளவத்தையில் ஒரு மலிவான அறையில் தங்கி, காலை ஒன்பதுக்குச் சுவடிக்கூடத்து வாசிப்பறையில் இருந்தார். அங்கே வேலை செய்த சாருஜா வவுனியாப் பெண்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்த, பார்வைக்கு வெள்ளைக்காரரைப் போலிருந்த இந்த மெலிந்த கிழவர் தமிழில் பேசியதைக் கேட்டு முதலில் திகைத்தாள். அவருடைய பெயரைப் படிவத்தில் பார்த்தபின் ஒல்லாந்துச் சொற்கள் நாற்பதைத் தமிழில் எழுதி ஒரு தாளில் கொடுத்தாள். தகப்பன், தாய், மகன், விதவை, இறந்தார், இந்த ஊரவர்.

நூறு விதக் கையெழுத்துகளைப் படித்துப் பழகிய கண் லெனாட்டுக்கு இருந்தது. முப்பத்துநான்கு வருடம் பழைய காணிப் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தவர். இரண்டாம் நாள் பின்னேரம், ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டாம் ஆண்டுப் பக்கமொன்றில், அவருடைய குடும்பப் பெயர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை யொஹானஸ். தகப்பன் ஹென்ரிக் வெசல்மன். தாய் அந்தோனியா, கோப்பாய்ச் சின்னக்குட்டியின் மகள்.

தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது. சாருஜாவின் தாளில் அது இல்லை. அவளிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இது படைவீரன் எண்டு, ஐயா. சாதாரண சிப்பாய்."

"கப்டன் எண்டும் வாசிக்கலாமோ?"

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். "இல்லை ஐயா. கப்டனுக்கு வேறை சொல்" என்றாள் மெதுவாக.

அன்று அறைக்கு நடந்து போகும்போது லெனாட்டுக்குச் சிரிப்பு வந்தது. குணலட்சுமி இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். "உங்கடை ஆக்கள் எங்களுக்கு விட்டிட்டுப் போனது ரெண்டு சொல்லுத்தான். ஒண்டு கந்தோர், மற்றது கக்கூசு" என்று சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரிப்பவள். கடற்கரை வீதியில் நின்று அவர் அதை நினைத்தார். சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அடுத்த மாதம் திரும்பவும் போனார். இம்முறை மகன் யொஹானசைத் தேடினார். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டில் அவனுடைய திருமணப் பதிவு கிடைத்தது. மணமகன், மணமகள், சாட்சிகள். எல்லாம் ஒல்லாந்து எழுத்து, சுழித்துச் சுழித்து, மை ஊறிப் பின்பக்கத்தால் வந்துகொண்டிருந்தது. கீழே கையொப்பங்கள். மூன்றாவது ஒப்பத்துக்கு வந்தபோது லெனாட்டின் விரல் நின்றது.

அது தமிழ்.

அநதொனியாள. புள்ளிகள் இல்லை. ஒற்றைக் கொம்பு. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, அழுத்தி, கிராமப் பள்ளிக்கூடத்தில் மணலில் பழகிய கை எழுதியது போல எழுதியிருந்தது. அந்தப் புத்தகம் முழுவதிலும் சொற்பட்டியல் இல்லாமல் அவர் வாசித்த ஒரே சொல் அதுதான். சாருஜாவிடம் அனுமதி கேட்டு, மெல்லிய தாளைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் அந்த ஒப்பத்தை அச்சொட்டாக வரைந்தார். வரைய ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவருக்கு முழங்கால் நோவும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை.

ஆனால் மகனின் திருமணத்தில் தகப்பன் எங்கே? இறந்தவர் என்றால் அப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. லெனாட் அதைக் கேட்டபோது, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களில் வந்த ஆட்களின் பெயர்களைக் கணினியில் பார்க்க முடியும் என்றாள் சாருஜா. அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் கணினியைத் திருப்பி வைத்து, பெயரைப் பல விதமாக எழுதித் தேடினாள். நாலாவது விதத்தில் அகப்பட்டான். ஓஸ்னாபுருக் என்ற ஊரான், அதாவது ஒல்லாந்தனே அல்ல, ஜெர்மன்காரன். அறுபத்தொன்றில் சிப்பாயாகக் கப்பலேறியவன். எழுபத்தொன்றில் சேவை முடிந்தது. முடிந்த காரணத்துக்கு ஒரு சொல் இருந்தது.

"செத்திட்டானோ?"

"இல்லை, ஐயா. ஊருக்குத் திரும்பினவர் எண்டிருக்கு."

லெனாட் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது.

"கூட்டிக்கொண்டு போகேல்லையே?" என்று கேட்டார். கேள்வி சாருஜாவுக்கா, கணினிக்கா என்று தெரியாத மாதிரி.

இந்த நாட்டுப் பெண்களைக் கப்பலில் ஏற்றக் கம்பனி பெரும்பாலும் விடாது என்று அவள் விளங்கப்படுத்தினாள். அவன் விட்டுவிட்டுப் போனானா, விட வைத்தார்களா என்பது தாளில் இல்லை. லெனாட் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, மரத்துக்குக் கீழிருந்த வாங்கில் உட்கார்ந்து, காலையில் வாங்கிய பணிசைத் தின்றார். இந்த நாட்டை விரும்பித் தங்கிய ஒருவர் கதையில் இருந்தார். தாளில் தங்கியிருந்தவள் கோப்பாய்க்காரி. அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் எடுக்கும்போது சொல்லலாம் என்று எழுதி ஆயத்தமாக வைத்தார். அவள் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அவராக எடுத்தபோது மகள் பேசினாள்: அம்மா களைத்துப்போனார், விழா வேலைகள், பிறகு எடுக்கச் சொல்கிறேன். தை போய் மாசி போயிற்று. சவரம் செய்து உட்கார்ந்த ஞாயிறுகளை லெனாட் ஒழுங்கை நாய்க்குப் பாண் போட்டுக் கழித்தார்.

பங்குனியில், விழா நாளன்று, காணொளியில் அழைத்தார்கள். லெனாட் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். மேவிஸ் முத்துமாலையோடு, வெள்ளைத் தலையோடு, திரையில் தாயைப் போலவே இருந்தாள். அவர் வாய் திறக்குமுன் யாரோ ஒரு தடித்த புத்தகத்தைத் திரைக்கு நேரே பிடித்தார்கள். நீலமும் பொன்னுமாக ஒரு கேடயச் சின்னம். அதன் கீழே கப்டன் ஹென்ரிக் வெசல்மன், தொப்பியும் வாளுமாக, யாரோ வரைந்தது. மார்கழியிலேயே அச்சடித்தாயிற்று, அவருக்கும் ஒரு பிரதி தபாலில் வரும் என்றாள் மேவிஸ் சந்தோஷமாக.

"அக்கா, நான் கொஞ்சம் கண்டுபிடிச்சிருக்கிறன்" என்றார் லெனாட். தன்னையறியாமல் தமிழில் வந்துவிட்டது. அவளுக்கு அது கேட்கவில்லை. தொலைபேசி கை மாறிவிட்டது. முன்பின் பார்த்திராத முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கை காட்டின, அவரும் காட்டினார். பிறகு யாரோ தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். திரையில் இப்போது ஒரு வெள்ளைக் கூரையும், அதில் முட்டிக்கொண்டு நின்ற ஒரு மஞ்சள் பலூனும் மட்டும். பாட்டும் சிரிப்பும் கோப்பைச் சத்தமும் கேட்டன. லெனாட் துண்டிக்கவில்லை. பதினேழு நிமிடம் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு, கழுத்துப் பொத்தானையும் கழற்றாமல், உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பக்கத்தில் மின் தீர்ந்துபோக, திரை கறுத்தது.

புத்தகம் மூன்று கிழமையில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் இருந்தார். 'லெனாட், யாழ்ப்பாணம். மணமானவர். பிள்ளைகள் இல்லை.' மணம் யாரோடு என்று இல்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. மேவிசுக்குக் குணலட்சுமியின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னவர் யார்? தானே ஒருநாளும் சொல்லவில்லையே. கீரிமலையில் சாம்பல் கரைக்கப் போனபோது ஐயர் குணலட்சுமியின் தாய்வழிப் பெயர்களைக் கேட்டதும், படிக்கட்டில் ஒதுங்கி நின்ற தனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்ததும், சடங்குக்கென்று மட்டும் வந்திருந்த ஏரம்பு முன்னே நின்று சொன்னதும் அப்போது நினைவுக்கு வந்தன. நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவளைப் பற்றி அவளுடைய தாய்க்கு மேலே அவருக்குத் தெரியாது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய சிப்பாயின் கப்பலைத் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி நெல்லியடிக்குப் போனார்.

ஏரம்புக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. விறாந்தையில் சாய்கதிரையில் படுத்திருந்தவர், படலையில் நின்ற ஆளை மட்டுக்கட்டச் சற்று நேரம் எடுத்தார். மருமகள் தக்சாயினி ஓடிவந்து கதிரை போட்டாள்.

"லெனாட்டரே? இருங்கோ" என்றார் ஏரம்பு. மச்சான் என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை, அன்றும் வரவில்லை.

"குணத்தின்ரை அம்மாவுக்கு முந்தின ஆக்களின்ரை பேர் எனக்குத் தெரியாது. கேட்டு எழுதிக்கொண்டு போவம் எண்டு வந்தனான்."

"உது ஆருக்கு?"

லெனாட் யோசித்தார். "ஒருத்தருக்கும் இல்லை. எழுதி வைக்கவேணும்."

ஏரம்பு கூரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். தாய் சிவக்கொழுந்து. தாயின் தாய் வள்ளியம்மை. அவளுக்கு மேலே நின்றுவிட்டார். பெத்தாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், பெயர் தெரியாது. பிறகு ஏதோ நினைத்தவராய், பெட்டகத்திலிருக்கும் பழைய சீதன உறுதிப் பத்திரத்தை எடுத்துவரும்படி மருமகளிடம் சொன்னார். பழுப்பேறிய தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. ஏரம்புவின் கண்ணுக்கு அது எட்டவில்லை. தக்சாயினிக்கு அந்த எழுத்துப் பிடிபடவில்லை. லெனாட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறுதியை வெளிச்சத்துக்குச் சரித்து, வரிவரியாக வாசித்தார். எல்லைகள், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால், பிறகு மகள் வள்ளியம்மைக்குச் சீதனம் கொடுத்தவளின் பெயர்.

"சின்னாச்சிப்பிள்ளை."

"உந்தப் பேரை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்றார் ஏரம்பு. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். லெனாட் வாசித்தார்.

தேநீர் வந்தது. குடித்து முடித்து லெனாட் எழும்பும்போது ஏரம்பு அவரைப் பார்க்காமல் கேட்டார்:

"குணம் என்னைப்பற்றி ஏதும் கதைக்கிறவளோ?"

பொய் சொல்லியிருக்கலாம். லெனாட்டுக்கு அது வரவில்லை. "ஓம். முந்தி ஒவ்வொரு பொங்கலுக்கும் கதைக்கிறவ. 'அண்ணை இப்ப பொங்கி முடிச்சிருப்பார்' எண்டு சொல்லுவா. பிறகு கதைக்கிறதை விட்டிட்டா."

ஏரம்பு தலையை மட்டும் ஆட்டினார். திரும்பவும் வரச் சொல்லவில்லை. தக்சாயினி ஒரு பையில் கத்தரிக்காய் போட்டுத் தந்தாள். பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நிற்கவேண்டியிருந்தது.

அதன்பிறகு பதினொரு நாள் லெனாட் வரைந்தார். அலமாரிக்கு மேலே சுருட்டிக் கிடந்த படத்தாளில் கடைசித் துண்டு மிச்சமிருந்தது. இடது பக்கம் மேலே, பென்சிலில் எடுத்த அந்த ஒப்பத்தை மையால் பதித்து, அதன் கீழே பெயரை ஆங்கிலத்திலும் எழுதினார். அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஹென்ரிக், சிப்பாய், ஊருக்குத் திரும்பினவர் என்று எழுதினார். அங்கிருந்து யொஹானஸ், அவன் பிள்ளைகள், தகப்பன், தாய், மேவிஸ், தம்பிமார். வலது பக்கம் மேலே சின்னாச்சிப்பிள்ளை, வள்ளியம்மை, சிவக்கொழுந்து, ஏரம்பு. இரண்டு பக்கத்துக் கோடுகளும் கீழே ஓரிடத்தில் சேர்ந்தன: லெனாட், குணலட்சுமி. அதற்குக் கீழே கோடு இல்லை. தாளும் அவ்வளவுதான் இருந்தது.

மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் பாரம் வைத்து, தொலைபேசியில் படம் எடுத்து மேவிசுக்கு அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டும் நீல அடையாளம் அன்று மாலையே விழுந்தது. பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஞாயிறு வந்து போயிற்று. அவர் சவரம் செய்யவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி சிணுங்கியது. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரே வரி. கப்டனைப் பற்றி ஒரு சொல் இல்லை, புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

'லென், இந்த அந்தோனியா யார்?'

லெனாட் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஒரு விரலால், எழுத்தெழுத்தாக, பதில் எழுதத் தொடங்கினார். வாளியில் ஊறிய உடுப்பு மத்தியானம் வரை அப்படியே கிடந்தது.